மூக்குக்காக மதுரைக்கு நாலு தடவை

இந்த வலைப்பூவை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: என் பெயர் மாரியம்மாள், வயது நாற்பத்தொன்பது, எம்.ரெட்டியபட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் ஊர்ப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வேன் பிடித்து எங்காவது போவோம். வந்ததும், எங்கே சாப்பாடு நன்றாக இருந்தது, எங்கே கழிப்பறைக்குள் கால் வைக்க முடியவில்லை என்று எழுதிவைப்பேன்.

இந்தப் பதிவில் அருவி இல்லை, கோபுரமும் இல்லை. போன தை மாதத்திலிருந்து நான் மதுரைக்கு நாலு தடவை போய்வந்தேன். மூக்கில் வந்த தோல் புற்றுநோயை வெட்டி எடுக்க, வெட்டிய இடத்தில் புது மூக்கு வைக்க. எங்கள் பக்கத்தில் இதே வழியில் போகவேண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கலாம். என்னிடம் யாரும் சொல்லாததை அவர்களுக்காவது சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் எழுதப்போவதில்லை. கேட்டு யாரும் பின்னூட்டம் போடவேண்டாம்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மூக்குத்தி குத்திய துளைக்குப் பக்கத்தில், வலது மூக்கு மடலில், மிளகு அளவுக்கு ஒரு பரு. இரண்டு வருடமாக இருந்தது. பொருக்குத் தட்டும், உதிரும், லேசாக ரத்தம் கசியும், மறுபடி பொருக்குத் தட்டும். எங்கள் ஊரில் மூக்குத்திப் புண் என்றால் யாரும் டாக்டரிடம் போகமாட்டோம். மூக்குத்தியைக் கழற்றிவிட்டு வேப்பங்குச்சியைச் செருகுவோம், மஞ்சளும் சுண்ணாம்பும் வைப்போம். எல்லாம் செய்தேன். ஆறவில்லை. கடைசியில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? தங்கத்தில் கலப்படம். பித்தளையைக் கலந்து தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு பண்ணி, அருப்புக்கோட்டையில் மூக்குத்தி செய்த ஆசாரியிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

அவர் மூக்குத்தியை வாங்கி உரைகல்லில் உரசி என் முன்னாலேயே காட்டினார். பிறகு என் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்தார். "தங்கத்துல ஒரு கொறையும் இல்லம்மா. நானும் முப்பது வருசமா மூக்கு குத்துறேன். துளையில வந்த புண்ணுன்னா துளையச் சுத்தி இருக்கும். இது தனியா, ஓரமெல்லாம் தடிச்சு, முத்து கெணக்கா மினுங்குது. மதுரைக்குப் போங்க, நாளைக்கே போங்க" என்றார். திட்டப் போன இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

முதல் பயணம், தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. துணைக்கு நாத்தனார் பாக்கியம். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், எவ்வளவு பாரமும் ஏற்றுவார், ஆனால் டெட்டால் வாசனை பட்டாலே மயங்கி விழுவார். அதனால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. காலை 5.50க்கு எங்கள் ஊரில் டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. இருபது கிலோமீட்டர் சுற்றிச்சுற்றி 6.40க்கு அருப்புக்கோட்டை. அங்கே 6.55க்கு மதுரை பஸ், நான் போனபோது 45 ரூபாய். பாலையம்பட்டி, காரியாபட்டி வழியாக ஐம்பது கிலோமீட்டர், 8.20க்கு மாட்டுத்தாவணி. அங்கிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய். இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், போகும்போது வலது பக்கம் வெயில் என்று நினைத்து நாங்கள் இடது பக்கம் உட்கார்ந்து, புழுதி முழுவதையும் வாங்கிக்கொண்டோம்.

பருவில் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து போனில் கூப்பிட்டுச் சொன்னார்கள், தோல் புற்றுநோய்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் கையில் இருந்த ப்ளவுஸ் துணியைக் குறுக்கே வெட்டிவிட்டேன், அப்புறம் அந்தப் பெண்ணுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுக்கவேண்டியதாயிற்று. ஆனால் போனிலேயே டாக்டர் அடுத்ததையும் சொன்னார். மெதுவாக வளர்கிற வகை, உடம்பில் வேறு இடத்துக்குப் போவது ரொம்ப அபூர்வம், முழுசாக வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் முடிந்தது. விட்டுவைத்தால் இருக்கிற இடத்தை அரித்துக்கொண்டே போகும். "இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்குத்தான வரும்?" என்று கேட்டேன். "நம்ம ஊர்ல குறைவுதான். அதுக்காக வராதுன்னு இல்லம்மா" என்றார்.

இரண்டாவது பயணம் மாசியில். இதுதான் நீளமானது, ஆஸ்பத்திரியிலேயே பதினைந்து நாள். பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்த சமயம், தினக்கூலியை விட்டுவிட்டு பாக்கியம் கூடவே இருந்தாள். மரத்துப்போக ஊசி போட்டு முதலில் பருவை வெட்டி எடுத்தார்கள். எட்டு நாள் கட்டோடு காத்திருந்தேன். வெட்டியதின் ஓரமெல்லாம் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் மூக்கு வைப்பதைப் பற்றிப் பேசினார்கள். கட்டு மாற்றும்போது கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. வலது மூக்கு மடல் இருந்த இடத்தில் நாலணா அளவுக்கு ஓட்டை. அன்று சாப்பிடவில்லை.

மூக்கு வைக்கிற டாக்டர் சின்ன வயதுப் பெண், முப்பத்தைந்து இருக்கும். நெற்றியிலிருந்து தோலை எடுத்து மூக்கில் வைப்போம் என்றார். அதை முழுசாக அறுத்து எடுத்து ஒட்டினால் ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துவிடும். அதனால் புருவத்துப் பக்கம் ஒரு முனையை அறுக்காமல் விட்டு, அப்படியே கீழே திருப்பி மூக்கில் தைப்பார்கள். மூன்று வாரம் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு சதைப் பாலம் தொங்கும். மூக்கில் புது ரத்த ஓட்டம் பிடித்ததும் பாலத்தை வெட்டிவிடுவார்கள். மடல் உள்ளே ஒடுங்கிவிடாமல் இருக்க, காதிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பும் எடுத்து உள்ளே வைப்பார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் அளவு எடுத்தார் பாருங்கள், எனக்குப் பயமே போய்விட்டது. தையல் நூல் வரும் ஜிகினா உறையை நல்ல பக்கத்து மூக்கு மடலில் ஒட்டி அழுத்தி, அச்சாக வெட்டினார். அதைத் திருப்பிப் போட்டு வலது பக்கத்துக்குப் பொருத்திப் பார்த்தார். இடது கைக்கு வெட்டிய பேப்பரைத் திருப்பிப் போட்டு வலது கை வெட்டுவதுதான் நான் தினமும் செய்கிற வேலை. பிறகு நெற்றியில் வைத்துப் பேனாவால் கோடு போட்டார்.

"தையலுக்குத் துணி விடலையேம்மா" என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். "நீங்க எவ்வளவு விடுவீங்க?"

"காட்டன்னா அரை இஞ்சு."

"தோல் சுருங்கும், ஆனா நீங்க நினைக்கிற அளவுக்கு இல்ல. துளி விட்டிருக்கேன். போதுமா, டைலரம்மா?" என்றார். போதும் என்று அனுமதி கொடுத்தேன்.

நாலரை மணி நேரம் ஆனது. கண் விழித்ததும் பாக்கியத்தின் முகம்தான் தெரிந்தது. அழுது வீங்கியிருந்தாலும் அவள் வாய் சும்மா இருக்காது. "மதினி, பிள்ளையாருக்கு நேந்துகிட்டோம்ல, அவரு தும்பிக்கையவே குடுத்து அனுப்பிட்டாரு" என்றாள். சிரித்தால் தையல் இழுத்தது.

ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நாங்கள் கிளம்பும்போது டாக்டர் விரலை நீட்டிச் சொன்னார்: "இந்தப் பாலத்து வழியாத்தான் மூக்குக்கு ரத்தம் போகுது. அது மேல எதுவும் அழுத்தக்கூடாது. கண்ணாடி கூடாது, மாஸ்க் கூடாது, குப்புறப் படுக்கக்கூடாது." எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

முந்தானையைப் பற்றி அவர் சொல்லவில்லை. வாசலில் நாங்கள் ஏறிய ஷேர் ஆட்டோவை ஓட்டியவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார், மறுபடி பார்த்தார். எனக்கு அங்கேயே உடம்பு கூசிப்போனது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் என்னிடம் துணி தைத்தவர்கள் நூறு பேராவது நிற்பார்கள். மாட்டுத்தாவணியில் இறங்கியதும் முந்தானையைத் தலையோடு சேர்த்து முகத்தைச் சுற்றி இழுத்து, பின்னால் ஊக்கு குத்திக்கொண்டேன். வெயிலுக்கும் புழுதிக்கும் எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களும் கட்டுகிற கட்டுதான், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். என் கை ஊக்கு குத்தினால் எந்தக் குலுக்கலுக்கும் நெகிழாது. அதில் எனக்குப் பெருமை வேறு.

பஸ் 1.40க்குக் கிளம்பியது. ரிங் ரோடு தாண்டும்வரை மூக்கு விண்விண் என்று தெறித்தது. அப்புறம் தெறிப்பது நின்றுவிட்டது, பரவாயில்லை, வலி குறைந்துவிட்டது என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கச் சொல்லி பாக்கியம் முந்தானையை விலக்கினாள்.

"மதினி, மூக்கு நாவப்பழம் கெணக்கா கருநீலமா இருக்கு."

டிஸ்சார்ஜ் சீட்டில் வார்டு நம்பர் இருந்தது. பாக்கியம் போன் போட்டாள், நர்ஸ் எடுத்து டாக்டரிடம் கொடுத்தார். கேட்ட முதல் கேள்வியே, முகத்தில் ஏதாவது கட்டியிருக்கிறீர்களா என்பதுதான். "எல்லாத்தையும் எடுங்க, இப்பவே" என்றார்.

"பஸ்ஸு நெறையா ஆளுக இருக்காகம்மா" என்றேன். என் உயிர் போகிற நேரத்தில் எனக்கு வந்த பதில் அதுதான்.

"ஆளுங்க இருக்கட்டும். உங்களுக்கு மூக்கு இருக்கணுமா, வேணாமா?"

ஊக்கைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை, பாக்கியம்தான் கழற்றினாள். நிமிர்ந்து உட்காரவேண்டும், பத்து நிமிடம் பார்க்கவேண்டும், நிறம் திரும்பாவிட்டால் அடுத்த பஸ்ஸிலேயே மதுரைக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். போனை மடியில் வைத்து மணி பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். மணி 2.08.

எல்லோரும் பார்த்தார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தார்கள், எழுந்து நின்று பார்த்தார்கள். எதிர் சீட்டில் உரப் பையை மடியில் வைத்திருந்த ஒருவர் வாயைத் திறந்தபடி பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன ஆச்சு, கோழி கொத்திருச்சா?"

"கோழி கொத்தல. இவுக மூக்குல கேன்சரு, வெட்டி எடுத்துட்டு நெத்தித் தோல வச்சுத் தச்சிருக்காக. இப்ப ரத்தம் ஓடுதா ஓடலையான்னு பாத்துக்கிட்டிருக்கோம். நீங்களும் பாருங்க, ஆனா காத்த மறைக்காதீக" என்று பாக்கியம் பஸ் முழுவதுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

கண்டக்டர் பக்கத்தில் வந்தார். "அக்கா, காரியாபட்டி இன்னும் ஏழு நிமிசம். அங்க வண்டிய நிப்பாட்டுறேன். சரியாகலன்னா எறங்கி எதுத்த பக்கம் நில்லுங்க, பின்னாடியே மதுர வண்டி வருது, நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன்" என்றார். உரப் பைக்காரர் எழுந்து எனக்குப் பக்கத்து ஜன்னல் கதவைத் தூக்கிவிட்டார். அது இறுகிப் போயிருந்தது, ரெண்டு கையாலும் மல்லுக்கட்டித்தான் தூக்கினார்.

2.12க்கு பாக்கியம் விரல் நுனியால் மூக்கை லேசாகத் தொட்டு எடுத்து, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள், டாக்டர் சொன்ன மாதிரி. "தெரியல" என்றாள். 2.15க்கும் அதே பதில். ஓட்டையோடு திரும்பி வரப்போகிறேன் என்றே நினைத்துவிட்டேன். நெற்றித் தோலும் போய், மூக்கும் போய், எல்லாம் ஒரு ஊக்கினால். பாக்கியத்தின் கையைப் பிடித்திருந்ததில் அவள் வளையல் ஒன்று உடைந்துவிட்டது. காரியாபட்டி நிறுத்தத்தில் பஸ் நின்றபோது அவள் மறுபடி தொட்டாள். விரலை எடுத்ததும் வெளுத்த இடத்தில் சிவப்பு வந்து நிறைந்தது. "வருது மதினி, வருது!" என்று கத்தினாள். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். நான் அருப்புக்கோட்டை வரைக்கும் அழுதேன். பஸ் ஸ்டாண்டில் திறந்த முகத்தோடுதான் இறங்கினேன், துடைத்துக்கொள்ளக்கூட பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பதினாறு நாள். நாலாவது நாள் கடையைத் திறந்துவிட்டேன். முதல் இரண்டு நாள் துணி கொடுக்க வந்தவர்களைவிட பார்க்க வந்தவர்கள் அதிகம். ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஈ வந்து மூக்கில் உட்காரும், எனக்கு நெற்றியில் அரிக்கும். நெற்றியைத் தட்டினால் ஈ போகாது. நெற்றித் தோலின் நரம்புக்குத் தான் இடம் மாறிப்போனது இன்னும் தெரியவில்லை, மூன்று வாரம் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

மூன்றாவது பயணம் பங்குனி ஆரம்பத்தில். அதே 5.50 பஸ். பாலத்தை வெட்டி, புருவத்தைச் சரிசெய்து தைக்க முக்கால் மணி நேரம்தான். மறுநாளே அனுப்பிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தேன். மூக்கு கொஞ்சம் தடிப்பு, நெற்றியில் நேராக ஒரு தழும்பு. ஆனால் மூக்கு. என் மூக்கு. டாக்டரிடம் தையலைப் பார்த்து, "ஓரம் மடிச்சது நல்லா வந்திருக்கும்மா" என்றேன். இன்னொரு டைலரிடம் நான் அப்படிச் சொன்னதே இல்லை. அந்தப் பக்கம் இனிமேல் மூக்கு குத்தக்கூடாது என்று சொல்லிவிட்டார். சரி என்றேன், அதற்காக அழவில்லை.

போகவேண்டியவர்களுக்குச் சில விஷயங்கள். முகத்தில், காதில், கையில், வெயில் படும் எந்த இடத்திலும் புண் ஒரு மாதத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் மருந்துக்கடைக் களிம்போடு நிற்காமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். சின்னதாக இருக்கும்போதே போனால் ஓட்டையும் சின்னது. காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் கார்டு மூன்றுக்கும் நாலு நாலு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், எனக்கு அதற்காகவே ஒரு நாள் வீணானது. பஸ்ஸில் போவதாக இருந்தால் காலை பதினொன்றிலிருந்து மதியம் ஒரு மணி வரை கூட்டம் குறைவு. தலைவழியாகப் போடும் உடை வேண்டாம், முன்னால் பொத்தான் வைத்தது போதும் (ஆண்களுக்குச் சட்டை, பெண்களுக்கு முன்பக்கம் கொக்கி வைத்த ப்ளவுஸ், சேலையைச் சிரமமில்லாமல் கட்டலாம்). துணைக்கு வருகிறவர் வாயாடியாக இருப்பது நல்லது. வார்டு போன் நம்பரை நீங்கள் மட்டுமல்ல, கூட வருகிறவரும் தன் போனில் ஏற்றிக்கொள்ளட்டும்.

நாலாவது பயணம் போன புரட்டாசியில், ஆறு மாதப் பரிசோதனைக்கு. இந்தத் தடவை துணைக்கு நான் போனேன் என்றுதான் சொல்லவேண்டும். திருச்சுழியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய், இருபது வருடம் சவூதியில் ரோடு வேலை பார்த்தவர், அதற்கு முந்தின வாரம் சட்டை தைக்கவேண்டும் என்று என் கடைக்கு வந்தார். திருச்சுழியில் டைலரே இல்லையா என்ன. அளவு எடுக்கும்போது காதை மூடியிருந்த துண்டை எடுக்கவில்லை. "பாய், நீங்க என் மூக்கப் பாக்கத்தான் வந்தீக. பாத்துக்கோங்க. அப்புறம் உங்க காதக் காட்டுங்க" என்றேன். காட்டினார், மேல் ஓரத்தில் ஆறாத புண். பேசாமல் என்னோடு வாருங்கள் என்று தேதி சொன்னேன். பண்டிகை கழியட்டும், சரக்கு இறங்கட்டும் என்று தேதியைத் தள்ளிப் பார்த்தார், நான் விடவில்லை.

அருப்புக்கோட்டையில் ஏறினார். ஜன்னலோரம் பாக்கியம், நடுவில் நான், நடைவழிப் பக்கம் அவர். என் நெற்றித் தழும்பை அடிக்கடி பார்த்தார். அந்தப் புழுக்கத்திலும் துண்டு காதைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது, கழுத்தெல்லாம் வேர்வை.

"வெட்டுனா காது பாதிதான் இருக்கும்னு சொல்றாக" என்றார்.

"இருக்கலாம். தச்சுக் குடுப்பாக."

"அது வரைக்கும் எல்லாரும் பாப்பாகளேம்மா. கடையில உக்காரணும், பள்ளிவாசலுக்குப் போகணும்."

"பாப்பாக பாய்" என்றேன். "ரெண்டு ஸ்டாப்பு வரைக்கும் பாப்பாக. அப்புறம் அவுகவுக எறங்குற ஸ்டாப்பு வந்துரும்."

அவர் பாலையம்பட்டி தாண்டியதும் துண்டை அவிழ்த்து உதறி, மடித்து மடியில் வைத்துக்கொண்டார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அவர் காதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "எங்க போகணும்?" என்று கேட்டார்.

"மதுரை" என்றார் பாய். "மூணு பேரு."